முடிச்சில் பொருந்தாத மாலை

சிங்கப்பூரின் கேம்பல் லேன் ஐந்தடிப் பாதையில் அத்தையின் பூக்கடை என்றால் ஒரு பலகை, நான்கு வாளி, ஒரு முக்காலி. இருட்டினால் ஒரு டியூப் லைட். தெருவிளக்கு எரியத் தொடங்கியதுமே அத்தை எழுந்துபோய் அதன் சுவிட்சைத் தட்டுவார். எதிரிலேயே கம்பம் நின்று இவ்வளவு வெளிச்சத்தைக் கொட்டும்போது இன்னொன்று எதற்கு, பியூபி மின்சார பில் ஏறாதா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"மல்லியப் பாருடா. அந்த மஞ்ச வெளிச்சத்துல நேத்துப் பூ மாதிரி இருக்கு. எவன் வாங்குவான்?"

பார்த்தேன். விமானத்தில் வந்து அன்று மதியம்தான் பெட்டி பிரித்த பூ. தெருவிளக்கின் அடியில் அது பழுத்துக் கிடந்தது. டியூப் லைட்டின் கீழே தள்ளினால் மறுபடி பால்வெள்ளை. ரோஜாவின் கதி இன்னும் மோசம், செங்கல் பொடி மாதிரி ஆகிவிடும். அத்தைக்குத் தெரு வெளிச்சம் தொழில் எதிரி. எனக்கு அது பாடம் ஆகப்போகிறது என்று அப்போது தெரியாது.

ஆண்டு 1993. எனக்குப் பதினேழு வயது, தொடக்கக் கல்லூரியில் முதலாண்டு. வெள்ளிக்கிழமை மாலையும் வார இறுதியும் கடையில் உட்காருவேன். நூல் நறுக்குவது, ஆர்க்கிட் காம்பு கிள்ளுவது, சில்லறை கொடுப்பது. வாடிக்கையாளர் வராத நேரத்தில் மடியில் வேதியியல் குறிப்பு.

உயர்நிலைப் பள்ளியில் நான்கு வருடம் எங்களுக்கு அணு என்பது ஒரு குட்டிச் சூரியக் குடும்பம். நடுவில் கரு, சுற்றிலும் வட்டப்பாதையில் எலக்ட்ரான்கள். கல்லூரிக்குள் போன இரண்டே மாதத்தில் அந்தப் படத்தை அழித்துவிட்டு பலூன்களைக் கொண்டுவந்தார்கள். எஸ் என்றால் உருண்டை. பி என்றால் டம்பெல். டி என்றால் நாலு இதழ். மேலும் படிக்க ஆசைப்பட்ட சிலருக்குத் தனியாக ஒரு தாள் கிடைத்தது. அதில் நான்கு குவாண்டம் எண்கள். முதலாவது, முதன்மை எண்: 1, 2, 3 என்று போகும். இரண்டாவது எல்: பூச்சியத்தில் தொடங்கி முதன்மை எண்ணுக்கு ஒன்று குறைவாக நிற்கும். மூன்றாவது எம்: கழித்தல் எல் முதல் கூட்டல் எல் வரை. நான்காவது அரை அல்லது கழித்தல் அரை. வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துவிட்டேன். மூன்றாம் ஓட்டில் எத்தனை எலக்ட்ரான் கொள்ளும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதினெட்டு என்பேன். அந்த எண்கள் எதை எண்ணுகின்றன என்று கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

கேட்டவர் மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர், பஃபலோ ரோட்டுப் புளோக்கில் மகள் வீட்டில் இருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் எங்களிடம் செவ்வரளி வாங்குவார். அன்று பூவைப் பொட்டலம் கட்டும்வரை என் மடியில் இருந்த தாளைத் தலைகீழாகவே படித்துவிட்டார்.

"ஓ, சக்திச்சொட்டெண்."

எனக்குப் போலியோ சொட்டு மருந்து ஞாபகம்தான் வந்தது. சிங்கப்பூரில் நாங்கள் அறிவியலைத் தொட்டதெல்லாம் ஆங்கிலத்தில். தமிழ், தாய்மொழி வகுப்போடு சரி. குவாண்டத்துக்குத் தமிழில் ஒரு சொல் இருக்கும் என்பதே எனக்குச் செய்தி. இலங்கையில் ஆற்றலைச் சக்தி என்பார்கள், எலக்ட்ரானை இலத்திரன் என்பார்கள். குவாண்டம் அவர்களுக்குச் சக்திச்சொட்டு. தமிழ்நாட்டுப் புத்தகங்கள் குவாண்டம் என்றே எழுதிவிடுகின்றன. எனக்கு இன்றுவரை சொட்டுதான் பிடிக்கும். குழாயை இறுக்கி மூடினாலும் தண்ணீர் நூலாகச் சுருங்கிச் சுருங்கி இல்லாமல் போவதில்லை. ஒரு கட்டத்தில் சொட்டாகிறது, அதற்குக் கீழே அளவு இல்லை.

"எல் சைபர் எண்டால் என்ன அர்த்தம் தம்பி?"

"எஸ் ஆர்பிட்டால், மாஸ்டர்."

"அது பேர். அர்த்தம் என்ன?"

தாளில் இருந்ததைப் படித்தேன். எல் என்பது சுற்றுப்பாதைக் கோண உந்தத்தின் எண். கோண உந்தத்தின் அளவு வேண்டுமானால் எல்-ஐ, எல் கூட்டல் ஒன்றால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, எச்-பார் என்ற மாறிலியால் பெருக்க வேண்டும். எல் பூச்சியம் என்றால் விடையும் பூச்சியம்.

"அப்ப ஹைட்ரஜனிலை இருக்கிற அந்த ஒற்றை இலத்திரன் சுத்திற அளவு சைபர். சுத்துது எண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

அரளியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரம் எனக்கு அதுவே வேலை. நீல்ஸ் போர் 1913ல் கோண உந்தம் எச்-பாரின் முழு மடங்காகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு ஹைட்ரஜனின் ஆற்றல் மட்டங்களைக் கணக்கிட்டார். அடிமட்டத்துக்கு 13.6 எலக்ட்ரான் வோல்ட் வந்தது, சோதனையோடு அச்சாகப் பொருந்தியது. ஆனால் அவர் கணக்கில் அடிமட்ட எலக்ட்ரானுக்கு ஒரு எச்-பார் சுற்று உண்டு. 1926ல் ஷ்ரோடிங்கர் எழுதிய சமன்பாட்டின்படி அதற்குச் சுற்றே கிடையாது. ஆற்றல் சரி, சுற்று தவறு. சரியான விடை வந்ததாலேயே தவறான படம் நூறு வருடம் பள்ளிச் சுவர்களில் தொங்குகிறது என்பது என் குறை.

சுற்றாத எலக்ட்ரான் ஏன் கருவுக்குள் விழவில்லை என்று அடுத்த வெள்ளி கேட்டேன். மாஸ்டர் நேராகப் பதில் சொல்லவில்லை. சோறு பொங்கி வழியும்போது அடுப்பைப் பார், பிறகு வா என்றார். கூடவே ஒரு செருப்புப் பெட்டி, இரண்டு சவர பிளேடு, ஒரு பழுதான சிடி தேடி வைக்கச் சொன்னார்.

பெட்டியின் ஒரு பக்கத்தில் இரண்டு பிளேடுகளையும் முனைக்கு முனை, மயிரிழை இடைவெளி விட்டு ஒட்ட வேண்டும். எதிர்ப்பக்கத்தில் சிடித் துண்டைச் சாய்வாக நிறுத்த வேண்டும். மேலே கண் வைக்க ஒரு ஓட்டை. அவ்வளவுதான் நிறமாலைக் கருவி. சிடியின் நெருக்கமான தடங்கள் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் போட்டுவிடும். முதலில் அத்தையின் டியூப் லைட்டைப் பார்த்தேன். பச்சையில் ஒரு கோடு, ஊதாவில் ஒரு கோடு தனித்துப் பளிச்சிட்டன, பாதரசத்தின் கோடுகள். அப்புறம் வீட்டுக்குப் போய்ச் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, உப்புப் போட்ட கஞ்சியைப் பொங்க விட்டேன். அம்மாவிடம் வாங்கிய திட்டு தனி. நீலமாக எரிந்துகொண்டிருந்த அடுப்பு கஞ்சி பட்டதும் சீறி மஞ்சளானது. பெட்டிக்குள் ஒரே ஒரு கோடு. மஞ்சளில், ஊசியால் கீறியதுபோல.

அதன் பிறகுதான் தெருவிளக்கு. அந்த நாளில் சிராங்கூன் சாலை முழுக்க உயர் அழுத்த சோடியம் விளக்குகள். மஞ்சள் விளக்கு, மஞ்சள் கோடு பளீரென்று இருக்கும் என்று நினைத்துப் பெட்டியைத் தூக்கினேன். மஞ்சள் அகலமாகப் பரவிக் கிடந்தது. அதன் நட்டநடுவில், அடுப்பில் கோடு தெரிந்த அதே இடத்தில், கறுப்பு.

மூன்று முறை பார்த்தேன். பிளேடில் தூசியோ என்று துடைத்தும் பார்த்தேன். கறுப்பு அங்கேயே இருந்தது. விளக்குக் குழாயின் நடுவில் கொதிக்கும் சோடியம் கக்கும் ஒளியில் அந்தக் குறிப்பிட்ட மஞ்சளை, குழாயின் ஓரத்தில் சற்றே ஆறியிருக்கும் சோடியமே விழுங்கிவிடுகிறது என்று மாஸ்டர் சொன்னார். கொடுப்பதும் எடுப்பதும் ஒரே படி. மேல்படி 3பி, அங்கே எல் ஒன்று. கீழ்ப்படி 3எஸ், அங்கே எல் பூச்சியம்.

"இரண்டும் மூணாம் ஓடுதானே, மாஸ்டர்? ஏன் ஆற்றல் வேறயா இருக்கு?"

அவர் காத்திருந்த கேள்வி அது என்று இப்போது தோன்றுகிறது. ஹைட்ரஜனில் 3எஸ்ஸும் 3பியும் ஏறக்குறைய ஒரே உயரம்தான். சோடியத்தில் பதினொன்று எலக்ட்ரான். பத்துப் பேர் உள்ளே நெருக்கி நின்று கருவை மறைத்துக்கொள்கிறார்கள். பதினொன்றாவது வெளியே. வெளியே இருப்பவன் உள்ளே எவ்வளவு தூரம் புகுந்து வருவான் என்பதை எல் தீர்மானிக்கிறது. மாஸ்டர் கோயில் பக்கம் கையைக் காட்டினார்.

"பிரகாரத்தைச் சுத்துறவன் பிரகாரத்திலேயேதான் நிப்பான். சுத்தாதவன்தான் கர்ப்பக்கிரகம் மட்டும் போய் வருவான்."

ஏணியில் ஏறி நின்று பார்த்தமாதிரி இருந்தது எனக்கு. எல் ஒன்றோ அதற்கு மேலோ இருந்தால் கருவின் மீது எலக்ட்ரான் இருக்கும் வாய்ப்பு சுத்தமாகப் பூச்சியம், சுற்றே அதை விலக்கி வைக்கிறது. எல் பூச்சியமானால் விலக்க ஒன்றுமில்லை. கருவின் மேலேயே அதற்கு இடம் உண்டு. உள்ளே வரும்போதெல்லாம் பத்துப் பேரின் மறைப்பைத் தாண்டிக் கருவின் முழு இழுப்பையும் உணர்கிறது, அதனால் ஆற்றலில் தாழ்ந்து நிற்கிறது. பியில் இருப்பது அவ்வளவு உள்ளே வராது, மேலேயே நிற்கிறது. இடைவெளி 2.1 எலக்ட்ரான் வோல்ட். அதை அலைநீளமாக்கினால் 589 நானோமீட்டர். அத்தையின் மல்லிகையைப் பழுக்க வைத்த மஞ்சளுக்கு எல்தான் காரணம். எல் இல்லாவிட்டால் அந்த மஞ்சளே இல்லை. சுற்றாத எலக்ட்ரான் ஏன் கருவுக்குள் விழுந்து அடங்கிவிடவில்லை என்றால், அலையை ஒரு புள்ளிக்குள் நசுக்க முயன்றால் அதன் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். இழுப்பில் வரும் லாபத்தை நசுக்கும் செலவு தின்றுவிடும் இடத்தில் அது நிற்கிறது. இதை நான் முழுக்க ஏற்றுக்கொள்ள இன்னும் இரண்டு வருடம் ஆனது.

முழு எண் மட்டும் ஏன்? இது எனக்கு இருந்த அடுத்த முள். அரை எல், முக்கால் எம் எல்லாம் ஏன் கூடாது? விதி என்று தாளில் இருந்தது. விதி என்றால் யார் போட்டது?

தீபாவளிக்கு முந்திய வாரம். சாமிப் படங்களுக்குப் போடும் வட்ட மாலைகளுக்கு ஏகப்பட்ட ஆர்டர். அத்தை கம்பி வளையத்தில் கண்ணி கண்ணியாகக் கட்டுவார். ஒரு வளையத்துக்கு நாற்பத்தெட்டுக் கண்ணி. கை போதாமல் என்னையும் கட்டச் சொன்னார். மல்லிகைக்கு நடுவே பத்துக் கண்ணிக்கு ஒரு ரோஜா வைத்துக்கொண்டே போனேன். நான்கு ரோஜா அழகாக விழுந்தது. ஐந்தாவது ரோஜாவுக்குப் பிறகு எட்டாவது கண்ணியிலேயே முதல் ரோஜா வந்து முட்டியது. முடிச்சுக்கு ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் எட்டு. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்று நினைத்துக் கொக்கியில் மாட்டினேன். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஓரக்கண்ணால் பார்த்தே கத்தரிக்கோலை நீட்டினார்.

"எண்ணிக் கட்டாத மாலை முடிச்சுல காட்டிக் குடுத்துரும். பிரிச்சிட்டு எட்டுக்கு ஒண்ணு வை, இல்ல பன்னெண்டுக்கு ஒண்ணு வை."

அரளிக்காக நின்றுகொண்டிருந்த மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

"தம்பி, உம்மட அத்தை எம்மைச் சொல்லுறா."

எலக்ட்ரானின் அலை ஒரு அச்சைச் சுற்றிப் போய்த் தொடங்கிய இடத்துக்கே வருகிறது. வந்த இடத்தில் மேடு மேட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் அது அலையே அல்ல. ஒரு சுற்றுக்குள் மேடும் பள்ளமும் முழுதாக எத்தனை முறை வருகின்றன என்ற எண்ணிக்கைதான் எம். ஆறு ரோஜா வைக்கலாம், நான்கு வைக்கலாம். நான்கே முக்கால் வைக்க முடியாது. விதியை யாரும் போடவில்லை, முடிச்சு போடுகிறது. எம் கூட்டலா கழித்தலா என்பது அந்த வரிசை இடம்புறமாக ஓடுகிறதா வலம்புறமாக ஓடுகிறதா என்பது. வெறும் மல்லிகையாகக் கட்டிய வளையத்தை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பினாலும் திருப்பியது தெரியாது. எந்த அச்சைப் பிடித்துத் திருப்பினாலும் அப்படியே இருப்பது எல் பூச்சியம். சுற்று என்பது அங்கே நின்றுபோகவில்லை, சுற்று என்று சொல்ல அதில் அடையாளமே இல்லை.

பழைய படத்தை நான் உண்மையில் கைவிட்டது அந்த நிமிடம்தான். கோண உந்தம் என்றால் பொருள் ஒன்று ஓடுவது என்று நினைத்திருந்தேன். திருப்பினால் உருவம் எப்படி மாறுகிறது என்பதன் கணக்கு அது.

அன்று மாஸ்டர் போகும்போது சொன்ன எச்சரிக்கையையும் எழுதிவிட வேண்டும். "பூமாலை பூமாலைதான், இலத்திரன் இலத்திரன்தான். உவமையைப் பிடிச்சுத் தொங்க வேண்டாம்."

தொங்கத்தான் செய்தேன். அதன் பலன் பிறகு வந்தது. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் நானும் துணைப்பாட வகுப்பு எடுக்க ஆரம்பித்திருந்தேன். என் பழைய தாளில் மூன்று டம்பெல்களுக்கும் நேராக எம் கூட்டல் ஒன்று, பூச்சியம், கழித்தல் ஒன்று என்று எழுதியிருந்தது. நானும் அதையே கரும்பலகையில் எழுதிவந்தேன், சில வருடம். ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் அப்போது தேசிய நூலகம் இருந்தது, 1960ல் திறந்த செங்கல் கட்டடம். 2004ல் அதை மூடி, சுரங்கப் பாதைக்காக இடித்துவிட்டார்கள். மூடுவதற்கு முந்திய மாதங்களில் ஒரு பிற்பகல் அங்கே உட்கார்ந்து கோள அலைகளின் சூத்திரத்தைப் பொறுமையாகக் கையால் போட்டுப் பார்த்தேன். எம் பூச்சியத்துக்கு டம்பெல் வந்தது. எம் கூட்டல் ஒன்றுக்கு டம்பெல் வரவில்லை, மெதுவடை வந்தது. கழித்தல் ஒன்றுக்கும் அதே மெதுவடை.

கணக்கில் பிழையோ என்று நூலகம் மூடும் மணி அடிக்கும்வரை திரும்பத் திரும்பப் போட்டேன். பிழை என் கரும்பலகையில் இருந்தது. ஒரே திசையில் ஓடும் வரிசையில், எலக்ட்ரான் இருக்கும் வாய்ப்பு சுற்றிலும் ஒரே சீராகப் பரவிவிடுகிறது. அதனால் வடை. இடம்புறம் ஓடுவதையும் வலம்புறம் ஓடுவதையும் ஒன்றன்மேல் ஒன்று சேர்த்தால்தான் ஓட்டம் நின்று, இரண்டு பக்கம் மட்டும் தடித்த டம்பெல் கிடைக்கிறது. கூட்டினால் ஒரு டம்பெல், கழித்தால் அதற்குக் குறுக்கே இன்னொன்று. வேதியியல்காரர்களுக்குப் பிணைப்பு எந்தத் திசையில் நீள்கிறது என்பது முக்கியம், அதனால் அவர்கள் மூன்று டம்பெல் வரைகிறார்கள். அணுவைக் காந்தப்புலத்தில் வைப்பவர்களுக்கு ஒரு டம்பெல்லும் இரண்டு வடையும். இரண்டு படமும் சரி. ஒன்றின் பெயரை இன்னொன்றின் தலையில் ஒட்டியதுதான் தவறு. மறுநாள் வகுப்பில் சொல்லித் திருத்தினேன். முந்திய ஆண்டுகளில் படித்துப் போன பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

கோமள விலாஸில் வடையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நூலகம் ஞாபகம் வருகிறது. சாப்பிடுவதற்கு அது தடையாக இருந்ததில்லை.

நான்காவது எண்ணைப் பற்றி மாஸ்டர் அந்த வெள்ளிக்கிழமைகளிலேயே நிறையச் சொன்னார், ஏனென்றால் அதில் அவருக்குப் பிடித்த ஒரு பக்கத்து ஊர்ச் செய்தி இருந்தது. எல் எதுவானாலும் எம்மின் எண்ணிக்கை ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையாகவே வரும். ஆனால் 1922ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஸ்டெர்ன், கெர்லாக் இருவரும் வெள்ளி அணுக்களைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியே அனுப்பியபோது கற்றை இரண்டாகப் பிரிந்தது. வெள்ளியின் வெளி எலக்ட்ரானுக்கு எல் பூச்சியம், பிரியவே கூடாது. அந்த இரண்டுக்கு வேறொரு சுற்று தேவைப்பட்டது. அதை 1925ல் சொன்ன இரண்டு இளைஞர்களில் ஒருவர் ஜார்ஜ் ஊலன்பெக். அவர் பிறந்தது பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தா. "இஞ்சையிருந்து கூப்பிடு தூரம்" என்பார் மாஸ்டர், தன் ஊர்க்காரர் மாதிரி. எலக்ட்ரானைக் குட்டி உருண்டையாக வைத்துச் சுழற்றினால் அதன் மேற்பரப்பு ஒளியை மிஞ்சி ஓட வேண்டியிருக்கும் என்று பெரியவர் லோரன்ட்ஸ் கணக்குக் காட்டியதும் இருவரும் பயந்துபோய்க் கட்டுரையைத் திரும்பப் பெறப் பார்த்தார்கள். அவர்களுடைய ஆசிரியர் ஏரன்ஃபெஸ்ட் அதற்குள் அனுப்பிவிட்டிருந்தார், இந்த வயதில் ஒரு முட்டாள்தனம் செய்தால் பரவாயில்லை என்று தேற்றினாராம். உருண்டையும் சுழலவில்லை, எதுவும் சுழலவில்லை. அந்தக் கோண உந்தம் எலக்ட்ரானோடு பிறந்தது. ஒரு முழுச் சுற்றில் அதன் அலை எதிர்க்குறியோடு வந்து நிற்கும். இரண்டு சுற்றுப் போனால்தான் தொடங்கிய இடம். கல்யாண மாலைக்கு வைத்திருந்த ஜரிகை நாடாவை அரை முறுக்கு முறுக்கி, முனைகளை ஒட்டி என் கையில் கொடுத்தார். பளபளப்பான பக்கத்தில் விரலை வைத்து ஒரு சுற்று ஓட்டினால் மங்கிய பக்கத்தில் வந்து நின்றது. இன்னொரு சுற்று ஓட்டினேன். நாடாவை வீணாக்கியதற்கு அத்தை இருவரையும் சேர்த்தே முறைத்தார்.

அந்தச் சொந்தச் சுற்றும் எல் தரும் சுற்றும் ஒன்றையொன்று உணர்வதால் சோடியத்தின் 3பி மட்டமே இரண்டாகப் பிளந்திருக்கிறது. அதனால் என் அடுப்பின் ஒற்றை மஞ்சள் கோடு உண்மையில் இரட்டை, 589.0, 589.6. செருப்புப் பெட்டிக்கு அந்தக் கூர்மை போதாது.

மாஸ்டர் 1995ல் மகனோடு கனடாவுக்குப் போய்விட்டார். போகும்முன் ஒரு பெயரை எழுதிக் கொடுத்தார்: கே. எஸ். கிருஷ்ணன். ராமன் விளைவில் ராமனோடு நின்றவர் என்ற அளவில் தெரிந்த பெயர். 1898ல் வத்திராயிருப்பில் பிறந்தவர். ராமன் விளைவு வெளிவந்த அதே 1928ன் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய், ஒரு படிகத்தை மெல்லிய இழையில் காந்த முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டு, அது எந்தத் திசையில் எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று அளக்கத் தொடங்கினார். வருடக்கணக்கில் அளந்தார். தனி அணுவில் எல் ராஜா. படிகத்துக்குள் வந்ததும் நாலாபுறமும் அண்டை அயனிகள் நெருக்குகின்றன. இரும்புக் குடும்பத்து உப்புகளில் டி எலக்ட்ரான்களின் சுற்று அந்த நெருக்கலில் பெரும்பாலும் உறைந்துபோகிறது, காந்தத்தன்மையைச் சொந்தச் சுற்று மட்டுமே சுமக்கிறது. அருமண் உலோகங்களில் எஃப் எலக்ட்ரான்கள் ஆழத்தில் ஒளிந்திருப்பதால் அவற்றின் சுற்று தப்பிவிடுகிறது. அமெரிக்காவில் வான் விளெக் 1932ல் புத்தகமாகப் போட்ட இந்தக் கோட்பாட்டுக்கு, உறைந்தும் மிச்சமிருக்கும் கொஞ்சூண்டு சுற்று திசைக்குத் திசை எப்படி வேறுபடுகிறது என்ற நுண்ணிய அளவுகளைத் தந்தவர்களில் கிருஷ்ணனும் அவர் கூட்டாளிகளும் முன்னணியில் இருந்தார்கள். ராமன் விளைவு அவருடைய புகழை மறைத்துவிட்டது என்று எனக்கு ஒரு வருத்தம். இழையில் படிகம் தொங்கவிடுவது பரிசு வாங்கும் காட்சி அல்ல.

சிராங்கூன் சாலையில் நகைக்கடைக் கண்ணாடிக்கு முன் நிற்கும்போது அந்த நெருக்கலைக் கண்ணாலேயே பார்க்கலாம். மாணிக்கத்தின் சிவப்பும் பெரும்பாலான மரகதங்களின் பச்சையும் ஒரே குரோமியம் தருவது. ஆறு ஆக்சிஜன்கள் சூழ்ந்து நெருக்க, ஒரே உயரத்தில் இருந்த ஐந்து டி ஆர்பிட்டால்கள் மூன்று கீழேயும் இரண்டு மேலேயுமாகப் பிரிகின்றன. அந்த இடைவெளி மாணிக்கத்தில் சற்று அதிகம், மரகதத்தில் சற்றுக் குறைவு. அந்தச் சற்றில் நிறம் மாறிவிடுகிறது. கடைப்பையனிடம் இதைச் சொன்னபோது, "அண்ணே, சேதாரம் எவ்வளவுன்னு கேக்கவேயில்லையே" என்றான்.

2007ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் குவாண்டம் தொழில்நுட்ப மையம் தொடங்கியது. சில வருடம் கழித்து மாணவர்களோடு கெண்ட் ரிட்ஜ் போயிருந்தேன். மேசை நிறைய ஆடிகள். ரூபிடியம் அணுக்களை லேசரால் குளிர்வித்து, கெல்வினில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுபோய்க் காற்றற்ற கண்ணாடிக்குள் நிறுத்தியிருந்தார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, கேமராத் திரையில் மட்டும் ஒரு வெண்புள்ளி. விளக்கிக்கொண்டிருந்த இளம்பெண் லேசரின் அலைநீளம் 780 என்றார். இதற்குத் துணை 795ல் இருக்குமே என்றேன். நிமிர்ந்து பார்த்தார். கிளிப்பிள்ளைக்குச் சொன்னதுதான்: 5பி, 5எஸ், எல் ஒன்று, எல் பூச்சியம். அதே கஞ்சி, அதே அடுப்பு. சோடியத்தில் அரை நானோமீட்டர் சொச்சமாக இருந்த பிளவு, கனமான ரூபிடியத்தில் பதினைந்தாக விரிந்திருக்கிறது.

சொட்டைப் பற்றியும் ஒன்று மிச்சமிருக்கிறது. பிளாங்க் மாறிலியின் அலகு ஜூல்-வினாடி. கோண உந்தத்தின் அலகும் அதுவே. 2019 மே 20 முதல் அதன் மதிப்பை 6.62607015, பத்தின் அடுக்கு கழித்தல் 34 என்று நிரந்தரமாக நிலைநிறுத்தி, அதிலிருந்துதான் கிலோகிராமையே வரையறுக்கிறார்கள். சக்திச்சொட்டு என்று பெயர் வைத்தவர்கள் ஆற்றலை நினைத்து வைத்திருப்பார்கள். ஆனால் ஆற்றலின் சொட்டு இடத்துக்கு இடம் அளவு மாறும். மாறாத சொட்டு சுற்றுக்குத்தான் உண்டு. இதை மாஸ்டருக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். அவருக்கு எழுதும் முகவரி அதற்கு முன்பே இல்லாமல் போயிருந்தது.

போன வருடம் அத்தையைத் தேக்காவுக்கு அழைத்துப் போனேன். கடையை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது, விரல்கள் மடங்குவதில்லை. கேம்பல் லேனில் இப்போது கார் போவதில்லை, முனையில் 2015ல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் கண்ணாடியாய் நிற்கிறது. இருட்டியது. விளக்குகள் எரிந்தன. எல்லாம் எல்இடி, வெள்ளை வெளேரென்று. பையிலிருந்த பழைய சிடித் துண்டை எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். கருநீலத்திலிருந்து சிவப்பு வரை வழவழவென்று ஒரு வானவில், நடுவில் கோடும் இல்லை, கறுப்பும் இல்லை. பழைய மஞ்சள் விளக்கையெல்லாம் எடுத்துவிட்டார்கள், ஊரே மாறிப்போன மாதிரி இருக்கிறது என்று அத்தையிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

அத்தை அருகிலிருந்த பூக்கடையில் ஒரு முழம் மல்லிகையைத் தூக்கி, தெருவிளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பதான்டா பூ பூவாட்டம் இருக்கு. அந்த மஞ்ச விளக்கு எரிஞ்ச காலத்துல எத்தன பேரு பழைய பூன்னு திருப்பிக் குடுத்தாங்க தெரியுமா?"

கடைக்காரப் பெண்ணிடம் திரும்பி, கண்ணி ஏன் இவ்வளவு இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறாய் என்று கேட்க ஆரம்பித்தார்.